இருபதில் ஒருவர்: எண்ணிப் பார்த்தும் எட்டாத மனச்சோர்வு

*நாட்டில் வயதுவந்தோரிடையே மனச்சோர்வு எவ்வளவு பரவலானது என்பதை ஆய்வுகள் பல முறை அளந்துவிட்டன. தேசிய ஆய்வில் கண்டறியப்பட்டவர்களுள் ஐவரில் நால்வர் அதற்கான சிகிச்சையைப் பெறவில்லை.*

கையடக்கக் கருவியுடன் வீட்டு வாசலுக்கு வரும் களப்பணியாளர், பெயர், வயது, படிப்பு, தொழில் ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பின், மற்றவர் காதில் விழாத இடமாகப் பார்த்து அமர்ந்து, கடந்த இரண்டு வாரங்களாக அநேகமாக எல்லா நாட்களிலும், நாளின் பெரும்பொழுது, மனம் சோர்ந்தே இருந்ததா என்று கேட்கிறார். முன்பு விருப்பத்தோடு செய்துவந்த காரியங்களில் நாட்டம் அற்றுப்போனதா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் மனச்சோர்வு பற்றிய பகுதி அத்துடன் முடிந்து, பணியாளர் வேறு நோய்களுக்கான வினாக்களுக்குப் போய்விடுவார். ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால்தான் தூக்கம், பசி, அசதி, கவனச்சிதறல், தன்னைத் தானே குறை கூறிக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் என ஒவ்வொன்றாக விசாரணை தொடரும். ஒரே அறை கொண்ட வீட்டில், மாமியாரும் பிள்ளைகளும் சில அடி தூரத்தில் இருக்கும்போது, அறிமுகமில்லாத ஒருவரிடம் முதல் இரு கேள்விகளுக்கு உண்மையான பதிலைச் சொல்வது எளிதன்று. நாட்டின் மனச்சோர்வுப் புள்ளிவிவரம் முழுவதும் அந்த இரு பதில்களின் மேல்தான் நிற்கிறது.

பெங்களூரின் தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் கழகமான நிம்ஹான்ஸ், மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு இவ்விதக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் முறையையே கையாண்டது. தமிழ்நாடு, கேரளம், குஜராத், பஞ்சாப், மேற்கு வங்கம், மணிப்பூர் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 39,532 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், நேர்காணலின்போது மனச்சோர்வு நோயில் இருந்த வயதுவந்தோர் 2.7 சதவீதம், வாழ்நாளில் ஒரு முறையேனும் அதற்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், அதாவது இருபதில் ஒருவர். தமிழகத்தில் 18 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர் என வைத்துக்கொண்டு, முதல் வீதத்தை மட்டும் பொருத்திப் பார்த்தால்கூட, எந்த ஒரு நாளிலும் சுமார் 15 லட்சம் பேர் இந்நோயோடு எழுந்து, இந்நோயோடு படுக்கிறார்கள் என்பது தோராயமான கணக்கு.

ஒரே நோய், வெவ்வேறு எண்கள்

இந்த எண்ணிக்கை குறைவானது என்று கருதுவோர் உண்டு. அவர்கள் கருதுவதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னை நகர, ஊரக நோய்ப்பரவல் ஆய்வு எனப்படும் 'க்யூர்ஸ்' திட்டத்தின் பகுதியாக, மாநகராட்சியின் பல வார்டுகளிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட, 20 வயதைக் கடந்த 25,455 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வின் அளவு 15.1 சதவீதமாக இருந்தது. தேசிய ஆய்வு சொல்லும் 2.7 சதவீதத்துக்கும் இதற்கும் இடையில் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதால், இரண்டில் ஒன்று தவறு என்ற முடிவுக்கு வாசகர் வரக்கூடும். இரண்டும் வெவ்வேறு பொருளை அளந்தவை என்பதே உண்மை.

சென்னை ஆய்வு பயன்படுத்தியது வடிகட்டல் வினாப்பட்டியல். நோய் இருக்கக்கூடியவர்களை விரைவாகப் பிரித்தெடுப்பதற்கான இவ்வகைப் பட்டியல்களில் உலகெங்கும் பெயர்பெற்றது 2001இல் வெளியான ஒன்பது கேள்விப் பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 27, வழக்கமாக 10 அல்லது அதற்கு மேல் பெற்றவர் மருத்துவரின் பரிசோதனைக்கு உரியவர். சென்னையில் அதே வகையைச் சார்ந்த, சற்று மாற்றப்பட்ட பட்டியல் கையாளப்பட்டது. இத்தகைய பட்டியல் வலையை அகலமாக வீசுவதால், துக்கத்தில் இருப்பவரும், கடன் நெருக்கடியில் தூக்கம் தொலைத்தவரும், தைராய்டு கோளாறால் அசந்து கிடப்பவரும் அதில் சேர்ந்துகொள்வார்கள். மருத்துவ நேர்காணலோ, ஒன்பது அறிகுறிகளில் ஐந்தேனும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும், அவற்றுள் மனத்தளர்ச்சியோ நாட்டமின்மையோ கட்டாயம் இருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை அதனால் குலைந்திருக்க வேண்டும் என்ற கடுமையான வரையறையைக் கேட்கிறது. ஆகவே 15.1 என்பது உதவி தேவைப்படக்கூடியவர்களின் அளவு, 2.7 என்பது நோய் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர்களின் அளவு என்று கொள்வதே பொருத்தம். செய்தித்தாள்கள் முன்னதைப் பின்னதன் இடத்தில் வைத்துத் தலைப்பிடும்போது பீதிதான் மிஞ்சுகிறது. பின்னதை மட்டும் பிடித்துக்கொண்டு பிரச்சினை சிறியது என்று நிர்வாகம் ஒதுங்கும்போது நேரும் கேடு அதைவிடப் பெரிது.

கால அளவும் எண்ணை மாற்றும். 'தற்போது' என்றால் இரண்டு வாரம், 'ஆண்டு வீதம்' என்றால் பன்னிரண்டு மாதம், 'வாழ்நாள் வீதம்' என்றால் பிறந்தது முதல் நேர்காணல் நாள் வரை. 18 நாடுகளைச் சேர்ந்த சுமார் 89,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளியான உலக மனநல ஆய்வில், வாழ்நாள் வீதம் வசதி மிக்க நாடுகளில் சராசரியாக 14.6 சதவீதமும், ஏனைய நாடுகளில் 11.1 சதவீதமும் ஆகும். இந்தியாவின் சார்பில் அதில் இடம்பெற்ற புதுச்சேரியில் அது 9 சதவீதம் அளவில் இருந்தது. வாழ்நாள் வீதம் எப்போதும் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன், பிரசவத்துக்குப் பிறகு நான்கு மாதம் படுக்கையைவிட்டு எழ மனமின்றிக் கிடந்த ஒரு பெண், அதை நோயாக அன்றும் கருதவில்லை, இன்றும் கருதுவதில்லை என்றால், அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

> பெட்டிச் செய்தி: முதியோரிடம் பத்து மடங்கு இடைவெளி
>
> 2017-18இல் முதல் சுற்று முடிந்த இந்திய முதுமை ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களிடம் இரண்டு விதமாக விசாரித்தது. மனச்சோர்வு இருப்பதாக எந்த மருத்துவரேனும் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டபோது 'ஆம்' என்றவர்கள் 0.8 சதவீதத்தினர். அதே முதியவர்களிடம் அறிகுறிகளைக் கேட்டுக் கணித்தபோது, பெரும் மனச்சோர்வு இருக்கக்கூடியவர்கள் 8.3 சதவீதத்தினர். வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று குடும்பமும், பல நேரம் மருத்துவரும், விட்டுவிடும் நோய் இந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது.

தெற்கில் ஏன் கூடுதல்?

உலகளாவிய நோய்ச்சுமைத் திட்டத்தின் இந்தியப் பகுப்பாய்வு 2019 டிசம்பரில் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானபோது, 2017ஆம் ஆண்டில் இந்தியர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது என்றும், அவர்களுள் 4.57 கோடிப் பேர் மனச்சோர்வு உடையவர்கள் என்றும் அது கணித்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, கேரளம், கோவா, மகாராஷ்டிரம் ஆகியவை மனச்சோர்வு மிகுந்த வரிசையில் இருந்தன. அவற்றிலும் தமிழ்நாட்டின் வீதம், லட்சத்துக்கு 4,800 பேரை நெருங்கி, முதலிடத்தில் நின்றது.

நகரமயமாதல், வாழ்க்கைமுறை மாற்றம், முதியோர் விகிதம் கூடியிருத்தல் ஆகியவற்றை இதற்கான காரணங்களாகச் சொல்வதுண்டு. மருத்துவ வசதி பரவிய இடத்தில் நோய் வெளிப்படையாகத் தெரிகிறது, பரவாத இடத்தில் மறைந்துகிடக்கிறது என்ற விளக்கமும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்ட மாநிலங்களில் தற்கொலை இறப்பு வீதமும் கூடியிருக்கும் ஓரளவுத் தொடர்பை அதே ஆய்வு கண்டிருப்பதால், தென்மாநில எண்களைக் கண்டறியும் திறனின் விளைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

யாரை நாடுகிறது

தேசிய ஆய்விலும் சென்னை ஆய்விலும் பெண்களிடையே வீதம் அதிகம்; சென்னையில் பெண்கள் 16.3 சதவீதம், ஆண்கள் 13.9 சதவீதம். உலக அளவிலும் இதே போக்கு காணப்படுவதால் உடலியல் காரணங்களுக்குப் பங்கு உண்டு என்றாலும், வீட்டுப் பொறுப்பின் சுமை, குடும்ப வன்முறை, சொந்தமாகச் செலவிடக் கையில் பணம் இல்லாமை ஆகியவற்றின் பங்கை விலக்கி வைத்துவிட்டு இந்த வேறுபாட்டை விளக்கவே இயலாது. கணவரை இழந்தவர்களிடமும் பிரிந்து வாழ்பவர்களிடமும் வீதம் கூடுகிறது. 40 முதல் 59 வயது வரையுள்ளோர், பெருநகரங்களில் வாழ்வோர் ஆகியோரிடமும் அப்படியே. சென்னை ஆய்வில் மிக அழுத்தமான கோடு வருமானத்தை ஒட்டி விழுந்திருக்கிறது: குறைந்த வருமானப் பிரிவில் 19.3 சதவீதம், உயர் வருமானப் பிரிவில் 5.9 சதவீதம். மனச்சோர்வு வசதி படைத்தவர்களின் நோய், ஓய்வு மிகுந்தவர்களுக்கு வருவது என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருப்பதால், இந்த இரண்டு எண்களையும் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண்களைப் பற்றிய எண் குறைவாக இருப்பதை அப்படியே ஏற்பதிலும் தயக்கம் தேவை. மனம் தளர்ந்திருப்பதாக ஒப்புக்கொள்வதைவிட மாலையில் மதுக்கடைக்குப் போவதை எளிதாகக் கருதும் ஆண், கணக்கெடுப்பில் மதுப் பழக்கத்தின் தலைப்பில் பதிவாகிறார். அடியில் இருக்கும் சோர்வு பதிவாவதில்லை. தேசிய மனநல ஆய்வில் மதுசார்ந்த கோளாறு ஆண்களிடம் பெருமளவிலும் பெண்களிடம் மிகச் சிறிய அளவிலும் இருந்ததைப் பார்க்கும்போது, மனச்சோர்வில் பாலின வேறுபாட்டின் ஒரு பகுதி இவ்வாறு இடம் மாறியதாக இருக்கலாம்.

வீட்டுக்குள் நேரும் இழப்பு

தேசிய ஆய்வில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், தொழில், குடும்பம், சமூகப் பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் செயல்திறன் குறைந்ததாகக் கூறினர். சிகிச்சை பெற்றுவந்த குடும்பங்கள் மாதம் ஏறத்தாழ 1,500 ரூபாய் கையிலிருந்து செலவிட்டன. தினக்கூலியில் ஓடும் வீட்டுக்கு அது பல நாள் கூலி. அத்துடன், நோயாளி வேலைக்குப் போகாத நாட்களும், அவரை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் இழக்கும் நாட்களும் சேர்கின்றன. மனச்சோர்வாலும் பதற்றக் கோளாறாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்களையும் ஒரு லட்சம் கோடி டாலரையும் இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆனால், சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களின் இழப்பு இக்கணக்குகளில் சரிவரத் தெரிவதில்லை. அடுப்பை மூட்ட மனமில்லாத நாளில் குழந்தைகள் பட்டினியோடு பள்ளிக்குப் போவதற்கு எந்த விடுப்புப் பதிவேடும் இல்லை.

குழந்தைகள் மீதான விளைவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று உண்டு. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வுக்கு ஆளான தாய்மார்களின் குழந்தைகளிடம் ஊட்டச்சத்துக் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. பால் கொடுக்கும் நேரம் தவறுதல், காய்ச்சலைக் கவனிக்கத் தாமதித்தல், தடுப்பூசி நாளை மறத்தல் ஆகிய சிறு தவறுதல்கள் சில மாதங்களில் எடைப் படிவத்தின் கோட்டைக் கீழே இழுத்துவிடக்கூடியவை. குழந்தையின் எடையை மாதந்தோறும் குறிக்கும் அங்கன்வாடி, தாயிடம் மனச்சோர்வு பற்றிய அந்த இரண்டு கேள்விகளைக் கேட்பதற்கு இன்னும் முறையாகப் பழக்கப்படவில்லை.

உடல்நோய்களோடு மனச்சோர்வுக்குள்ள உறவும் இரு வழிப்பட்டது. நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். மனச்சோர்வு வந்தபின் மாத்திரையைத் தவறவிடுதல், நடைப்பயிற்சியைக் கைவிடுதல், உணவுக் கட்டுப்பாடு தளர்தல் ஆகியவற்றால் சர்க்கரை அளவு ஏறுகிறது. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களின் நான்கு நீரிழிவு மருத்துவமனைகளில் 404 நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், நீரிழிவுச் சிகிச்சையோடு மனச்சோர்வுப் பராமரிப்பையும் ஒரே கூரையின்கீழ் இணைத்து வழங்கியபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைக் காட்டிலும் இணைப்புச் சிகிச்சை பெற்றவர்கள் சோர்வும் குறைந்து உடல் அளவீடுகளும் சீர்பட்ட நிலையை எட்டினர்.

தற்கொலையைப் பற்றிப் பேசும்போது நிதானம் தேவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நின்றது தமிழ்நாடு. இவை அனைத்தும் மனச்சோர்வால் நேர்ந்தவை அல்ல. கடன், குடும்பப் பூசல், தீரா நோய், தேர்வுத் தோல்வி, மது எனக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. காவல் நிலையப் பதிவு கண்ணுக்குத் தெரிந்த உடனடிக் காரணத்தையே எழுதிக்கொள்வதால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்ட, மருத்துவத்துக்குக் கட்டுப்படக்கூடிய நோய் கோப்பில் இடம்பெறாமலே போகிறது என்பதுதான் இங்கு வேதனையானது.

> பெட்டிச் செய்தி: யாரிடம் பேசுவது?
>
> மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி மனநலச் சேவை, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகக் கருதி, தண்டனைக்கு உட்படுத்தாமல் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசிடம் ஒப்படைத்துள்ளது.

வந்தும் திரும்பிப் போகிறவர்கள்

தேசிய ஆய்வில் கண்டறியப்பட்ட மனச்சோர்வு நோயாளிகளில் 79.1 சதவீதத்தினர் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள். வெட்கம், அறியாமை, பேய்பிடித்தது என்ற நம்பிக்கை ஆகியவற்றின்மேல் இதன் முழுப் பழியையும் போடும் வழக்கம் உண்டு. அது முழு உண்மையன்று. இவர்களில் பலர் மருத்துவரைப் பார்த்தவர்கள்தான். அசதி, தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் குடைச்சல், தூக்கமின்மை, வயிற்று எரிச்சல் என்று சொல்லி அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் நின்றவர்கள்தான். வரிசை நீளம், மருத்துவருக்கு ஒருவருக்கெனக் கிடைப்பது சில நிமிடங்கள். ரத்தப் பரிசோதனையில் குறை தென்படாதபோது, சத்து மாத்திரையோடும், வலி மாத்திரையோடும், சில வேளை தூக்க மாத்திரையோடும் திரும்பிப் போகிறார்கள். தூக்க மாத்திரை சில இரவுகளைக் கடத்த உதவும், அடிப்படை நோயைத் தீர்க்காது, நாள்பட்டால் பழக்கமாகவும் ஆகும். மனச்சோர்வுக்கு உரிய மருந்தோ பலன் தரச் சில வாரங்கள் எடுக்கும், தூக்க மாத்திரையைப் போல அடிமைப்படுத்தாது, குணமான பின்னும் மாதக்கணக்கில் தொடர்ந்து, மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்தப்பட வேண்டும். இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் கிடைக்காததால், இரண்டாவது வாரத்திலேயே 'மருந்து கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம்.

மருந்து விலை உயர்ந்ததும் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள புளூவாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை நெடுங்காலமாக மலிவாகக் கிடைப்பவை. பற்றாக்குறை இருப்பது மனிதர்களில். நாட்டில் மக்கள்தொகையில் லட்சத்துக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, இருப்பவர்களும் பெருநகரங்களில் குவிந்துள்ளனர். தேசிய மனநலத் திட்டம் 1982இல் அறிவிக்கப்பட்டு, அதன்கீழ் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, திருச்சி அவற்றுள் ஒன்று. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், மாவட்டத் தலைமை மருத்துவமனையைத் தாண்டி ஊர்ப்புறத்துக்கு மனநலப் பராமரிப்பு சீராகப் போய்ச் சேரவில்லை.

நிபுணர் எண்ணிக்கை பெருகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்குக் கோவா ஆய்வு நல்ல சான்று. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓரளவு கடுமையானது முதல் மிகக் கடுமையானது வரை மனச்சோர்வு இருந்த சுமார் 500 பேரிடம் நடந்து, 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான அந்த ஆய்வில், மனநலப் பட்டம் எதுவும் பெறாத, இதற்கெனப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். அமர்வில் நடந்தது தத்துவ உரையாடல் அன்று. நோயாளி நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதுவது; கைவிட்டுப்போன காரியங்களில் மிகச் சிறிய ஒன்றை, வாசலில் கோலமிடுவதையோ பக்கத்துத் தெருச் சகோதரியைப் பார்த்து வருவதையோ போன்ற ஒன்றை, எந்த நாள், எந்த நேரம் என்று குறித்துத் தருவது; செய்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று அடுத்த வாரம் கேட்பது; செய்ய முடியாமற்போனால் தடுத்தது எது என்று சேர்ந்து பார்ப்பது. மனம் தெளிந்த பின் செயல்படலாம் என்று காத்திருக்காமல், செயலின் வழியே மனத்தைத் தெளியவைக்கும் முறை இது. மூன்று மாத முடிவில் நோய் தணிந்தவர்கள் ஆலோசனை பெற்ற பிரிவில் 64 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 39 சதவீதம். பலன் ஓராண்டுவரை நிலைத்ததையும் தொடர் ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், ரத்த அழுத்த மாத்திரையோடும் சர்க்கரை மாத்திரையோடும் வீடுவீடாகப் போகிறார்கள். சென்னை ஆய்வில் அதிக வீதம் காணப்பட்ட ஏழை வீடுகளும், முதுமை ஆய்வில் கண்டறியப்படாமல் இருந்த முதியோரும் அவர்கள் கதவைத் தட்டும் இடங்களிலேயே இருக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்த்து முடித்த பின் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கவும், 'ஆம்' என்ற பதில் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அனுப்பவும் அவர்களுக்குப் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் தேவை. ஆலோசகர் பணியிடம் உருவாக்காமல் கேள்வியை மட்டும் கூட்டுவது, வாய்திறந்து சொன்னவரை ஏமாற்றுவதாகவே முடியும்.

தேசிய மனநல ஆய்வின் இரண்டாம் சுற்று நிம்ஹான்ஸ் பொறுப்பில் நடத்தப்படுகிறது. வீதம் 2.7இலிருந்து ஏறியதா இறங்கியதா என்பதே அதன் முடிவுகளில் முதலில் தலைப்புச் செய்தியாகும். கருவிகளும் மாநிலங்களும் மாறும்போது அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பொருள் கொள்ள முடியாது. முதல் சுற்று விட்டுச்சென்ற 79.1 என்ற எண் என்ன ஆயிற்று, சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் அதை ஆறு மாதம் தொடர்ந்தார்கள், அவர்களுக்கு மருந்து எத்தனை கிலோமீட்டர் தொலைவில் கிடைத்தது என்ற கேள்விகளுக்கான பதில் மாவட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும். சுகாதாரத் துறையின் அடுத்த நிதி ஒதுக்கீட்டை அந்தப் பட்டியலை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.